முதலில் திரும்பி வரும் கோழி

கோழி கேட்டு யார் வந்தாலும் அந்த அக்கா முதலில் எடுப்பது ஒரு எவர்சில்வர் தட்டைத்தான். அதை இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போடுவார்.

தட்டு சிமெண்டுத் தரையில் விழுந்து, சுற்றிச் சுற்றி ஆடி அடங்குகிற வரைக்கும் அவர் வீட்டுப் பொடக்காலியில் ஒரு கோழியையும் பார்க்க முடியாது. பொடக்காலி என்று நாங்கள் சொல்வது வீட்டுக்குப் பின்னால் இருக்கிற இடத்தை. ஒரு கோழி முருங்கை மரத்தில் ஏறியிருக்கும். ஒன்று துவைக்கிற கல்லுக்குப் பின்னால் பதுங்கும். ஒன்று பக்கத்து வீட்டுக்கே போய்விடும். கோழி வாங்க வந்தவரும் ஒரு துள்ளு துள்ளியிருப்பார். அக்கா மட்டும் அதே இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் ஒரு கைப்பிடி கம்புத் தானியத்தைப் போட்டுக்கொள்வார்.

"இப்பப் பாத்துட்டே இருங்க. எது மொதல்ல திரும்பி வருதோ அதுதானுங்க உங்க ஊட்டுக் கோழி."

அதற்குப் பிறகு பேசமாட்டார். நாமும் பேசக் கூடாது.

என் மகளோடு படிக்கிற பிள்ளைகளே, நீங்கள் நாலைந்து பேர் என்னிடம் கேட்டீர்கள், வீட்டில் வளர்க்க எந்தக் கோழி நல்லது என்று. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். கோழியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த அக்காவிடம் தெரிந்துகொண்டதுதான். ஆகவே அவரைப் பற்றிச் சொல்லாமல் கோழியைப் பற்றிச் சொல்ல எனக்கு வரவில்லை.

நானும் அவரும் கணபதி என்கிற ஊரில் ஒரே ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்தோம். தண்ணீர் மோட்டார் செய்கிற இடம். நான் ஃபிட்டர். அவர் வைண்டிங். மோட்டாருக்குள்ளே இருக்கிற செம்புக் கம்பிச் சுருளை மெஷினில் சுற்றித் தருகிற வேலை அது. அந்த மெஷினில் எத்தனை சுற்று ஆனது என்று காட்டுகிற மீட்டர் எப்போதோ கெட்டுப்போயிருந்தது. அக்கா வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு சுற்றுவார். பாதியில் நிறுத்தினால் எண்ணிக்கை தப்பிவிடும். சுற்றியதை எல்லாம் பிரித்துப்போட்டு முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் ஒரு சுருள் முடியும் வரை யார் கூப்பிட்டாலும் அவர் மெஷினை நிறுத்தமாட்டார். ஒருநாள் முதலாளியே பக்கத்தில் வந்து, "ஏனுங்கம்மா, கூப்புடறது காதுல உளுகலீங்களா?" என்றார். அக்கா திரும்பவில்லை. இடது கையை மட்டும் தூக்கி, இருங்கள் என்று காட்டினார். முதலாளி நின்றார். சுருள் முடிந்த பிறகுதான், "இப்பச் சொல்லுங்க" என்றார்.

தூக்கிக் காட்டிய அந்தக் கையில் மோதிர விரல் பாதிதான் இருக்கும். எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வருவதற்கு முன் வேறொரு இடத்தில் வேலை செய்தபோது, ஓடுகிற கம்பியில் மாட்டிக்கொண்டது என்று சொன்னார்கள். எங்கள் முதலாளிக்கு அந்த விரலைப் பற்றிப் பேசுவதில் ரொம்பப் பெருமை. யாராவது லீவு கேட்டால் போதும். "அந்தம்மாவப் பாருங்க. வெரலு போன மறுநாளே கட்டோட வந்து மெஷின்ல உக்காந்தவிங்க. நீங்க தலைவலிக்கு லீவு கேக்கறீங்க" என்பார். அக்கா மறுத்தும் பேசமாட்டார், ஆமாம் என்றும் சொல்லமாட்டார். உதடு எண்ணிக்கொண்டே இருக்கும்.

ஆனால் வீட்டுக்குப் போய்விட்டால் அவருடைய வாயை அடைக்க முடியாது. கோழிகளோடு பேசுகிற பேச்சு தெருமுனைக்குக் கேட்கும். அதுவும் மரியாதையாகத்தான் பேசுவார்.

"ஏனுங்க, அங்க குப்பையில என்னத்தக் கண்டீங்க? வாங்க இப்படி. நீங்க இருங்க, இப்பத்தான தின்னீங்க. அவிங்க திங்கட்டும்."

சேவலுக்கு மட்டும் மரியாதை கிடையாது. "டேய், போடா அக்கட்ட" என்று விரட்டுவார்.

"அவருக்கும் ஒரு ங்க போட்டா என்னங்க அக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"முட்டை போடறவிங்களுக்குத்தானுங்க தம்பி மரியாதை. சும்மா கத்தறவனுக்கெல்லாம் குடுத்தா, அப்புறம் எங்கூட்டுக்காரருக்கும் குடுக்கோணுமில்ல."

உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்த அவருடைய வீட்டுக்காரர், "கேட்டுட்டுத்தான் இருக்கறேன்" என்றார்.

"கேக்கோணும்னுதான் சொல்றேன்."

அவருடைய கோழிகளில் ஒரு வகைக்குக் கழுத்தில் இறகே இருக்காது. சிவந்த வெறும் தோல்தான். ஊரில் அதைக் கழுத்தறுத்தான் கோழி என்பார்கள். அக்காவுக்கு அந்தப் பெயர் ஆகாது. "அவிங்களுக்குக் காது கேக்காதா? மப்ளர் போடாதவிங்கன்னு சொல்லுங்க" என்பார்.

ஒரு நாள் காரில் ஒருவர் வந்தார். தோட்டத்து வீட்டில் விடுவதற்கு பார்க்க அழகாக ஐந்து ஜோடி வேண்டும், பணம் எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை என்றார். அக்கா தட்டைப் போட்டார். கோழிகள் பறந்தன. கார்க்காரர் இரண்டு நிமிடம் நின்றார், செல்போனைப் பார்த்தார், "வேலை இருக்குதுங்க, அப்புறமா வாரேன்" என்று போய்விட்டார். அவர் போனதும் கோழிகள் ஒவ்வொன்றாக வந்தன. "இவிங்க வந்துட்டாங்க. அவரு வரமாட்டாரு" என்று அக்கா சொன்னார். சொன்னபடியே அவர் வரவில்லை.

பயமே இல்லாத கோழி வேண்டும் என்று யாராவது கேட்டால் அக்காவுக்குச் சிரிப்பு வரும். "தட்டு உளுந்தும் ஒரு கோழி ஆடாம அசையாம நின்னா அதுக்கு நோக்காடுன்னு அர்த்தமுங்க. பயப்படத்தானுங்க வேணும். எத்தன நேரத்துல திரும்பி வருதுன்னு பாருங்க, அவ்வளவுதான்."

இனி என் தப்பைச் சொல்கிறேன்.

என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவோம். கோழி வேண்டும் என்று ஒரே பிடிவாதம். முதலில் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் கூடையில் வைத்து விற்கிற கலர்க் குஞ்சு ஆறு வாங்கி வந்தேன். பச்சை ஒன்று, ரோஸ் ஒன்று, மற்றது மஞ்சள். பத்து நாளில் ஒன்றும் மிச்சமில்லை. பாப்பா அழுத அழுகையைப் பார்த்து, இனி வாங்கினால் சாகாத கோழியாக வாங்குவது என்று முடிவு செய்தேன்.

நான் மோட்டார் வேலைக்காரன். நல்ல மோட்டார் எது என்று கேட்டால், பாடி கனமாக இருக்கிறதா, சர்வீஸ் கேட்காமல் ஓடுமா என்று பார்க்கச் சொல்வேன். கோழியையும் அப்படியே பார்த்தேன். அக்காவைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. காங்கேயத்துக்கு ஒரு மோட்டாரை மாட்டப் போன இடத்தில், தோட்டக்காரர் ஒருவர் அசில் சேவல் வைத்திருந்தார். சண்டைக் கோழி ஜாதி. நெஞ்சு இரும்பு மாதிரி. "வெய்யிலு, மழை, எதுக்கும் அசையாதுங்க. மருந்துன்னு ஒண்ணு நான் காட்டுனதே இல்ல" என்றார். இதுதான் சர்வீஸ் கேட்காத கோழி என்று நினைத்து வாங்கிவிட்டேன். பையில் தலையை மட்டும் வெளியே விட்டு பஸ்ஸில் கொண்டு வந்தேன். கண்டக்டர், "அவருக்கு ஜன்னல் சீட்டுக் குடுங்க" என்று கேலி செய்தார்.

அந்தச் சேவலுக்கு நோய் எதுவும் வரவில்லை. ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாப்பா பொடக்காலியில் குனிந்து சாக்பீஸால் தரையில் படம் போட்டுக்கொண்டிருந்தாள். சண்டைக்கு வருவதாக அது நினைத்ததோ என்னவோ, பாய்ந்துவிட்டது. கால் முள் கண்ணுக்கு ஒரு விரல் கீழே கிழித்தது. மூன்று தையல். "கொஞ்சம் மேல பட்டிருந்தா" என்று டாக்டர் ஆரம்பித்து, என் மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

எங்கள் வீட்டில் கக்கூஸ் பொடக்காலியின் கடைசியில் இருக்கிறது. வாசற்படியில் இருந்து இருபது எட்டு எடுத்து வைத்து நடக்க வேண்டும். அந்த இருபது எட்டைப் பாப்பா தனியாக வைப்பது அன்றோடு நின்றது. அம்மா துணைக்கு வர வேண்டும். கூடவே குடையும் வேண்டும். குடையை விரித்து முன்னால் பிடித்துக்கொண்டு, அதற்குப் பின்னால் ஒளிந்துதான் போவாள். ஆடிக் காற்றுக்குக் குடை மேல் பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். அப்போதும் விடமாட்டாள்.

விஷயம் தெரிந்ததும் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். சேவலை ஒரு பார்வை பார்த்தார். பின்னாலிருந்து இரண்டு இறக்கையையும் சேர்த்து, நெஞ்சுக்கு அடியில் ஒரு கை கொடுத்து எடுத்தார். அந்த முரடு அவர் கையில் தலையணை மாதிரி அடங்கியது.

"இத அறுத்துப்போடுங்க அக்கா" என்றேன். அவ்வளவு கோபம் எனக்கு.

"இது என்னங்க பண்ணுச்சு? அது ஜாதிக்கு என்ன தெரியுமோ அதப் பண்ணுச்சு. பூட்ட வாங்கிட்டு வந்து தலகாணியாப் போட்டுப் படுத்தது நீங்க. கழுத்து வலிக்குதுன்னா பூட்டு என்னங்க தம்பி பண்ணும்?"

சேவலை அவரே எடுத்துப் போனார். குழந்தைகள் இல்லாத ஒரு தோட்டத்துக்கு அதைக் கொடுத்துவிட்டார்.

"இனிக் கோழி பேச்சே வேண்டாமுங்க அக்கா" என்றாள் என் மனைவி.

"வேண்டாம்னா வேண்டாமுங்க அம்மணி. ஆனா இவிங்க ஸ்கூலுக்குப் போற வழியில நாலு ஊட்டுல கோழி இருக்குது. உங்கூட்டுக் கோழிய எடுத்துட்டீங்க. அந்தக் கோழியெல்லாம் எங்க போகும்?"

என் மனைவி பாப்பாவின் தையலைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "தீபாவளி வரைக்கும் பாக்கறேனுங்க. அன்னைக்கும் இவ கொடையோடதான் போனாள்னா, எல்லாம் கறிச்சட்டிக்கு. அதுக்கு மேல என்னையக் கேக்கக் கூடாது."

மூன்று மாதம் இருந்தது.

அடுத்த நாளே சாப்பாட்டு நேரத்தில் அக்காவிடம் கேட்டேன். "ஏனுங்க அக்கா, நல்ல ரகமா ஒண்ணு சொல்லுங்க. அதையே வளத்தலாம்."

"நல்ல செருப்பா ஒண்ணு சொல்லுங்க பாக்கலாம். யாரு காலுக்குன்னு கேக்கமாட்டீங்களா?"

பிறகு அவர் கேட்டதெல்லாம் எங்கள் வீட்டைப் பற்றி. வெயில் எத்தனை நேரம் விழுகிறது, நாய் வருமா, பொழுது சாய்ந்ததும் கோழியைக் கூப்பிட்டுக் கொடாப்பு கவிழ்ப்பது யார், உங்களுக்கு வேண்டியது முட்டையா குஞ்சா. கொடாப்பு என்றால் கோழியை மூடுகிற மூங்கில் கூடை. நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே பதில் சொன்னார். அதை அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன், உங்களுக்கும் உதவும்.

"வெள்ளை லெகார்ன் இருக்குதுங்களே, அது முட்டை மெஷினு. ஆனா காக்கா நெழலுக்கே செவுத்துல முட்டிக்கும். கொழந்த இருக்கற ஊட்டுக்கு ஆகாது. கிரிராஜா சாது. தூக்கி மடியில வெச்சா அப்படியே உக்காரும். ஆனா ஒடம்பு பெருசு, ஓடத் தெரியாது. நாய் வந்தா முடிஞ்சுது. உங்கூட்டுச் செவுரு ஒசரமா இருக்கறதால ஒண்ணு வெச்சுக்கலாம். அடுத்தது சிறுவிடை, நம்ம நாட்டுக்கோழி. சின்ன ஒடம்பு, தானே மேஞ்சுக்கும், நோவும் லேசுல தாக்காது. முட்டை கம்மிதான். குஞ்சுல இருந்தே கைப்பழக்கம் இருந்தா ஆளுகிட்ட வரும், இல்லாட்டிக் காட்டுக் கோழி மாதிரி. அதுல ஒண்ணு. அப்புறம் நம்ம மப்ளர் போடாதவிங்க. சித்திரை வெய்யிலுக்கு மத்த கோழியெல்லாம் வாயப் பொளந்துட்டு நிக்கும், இவிங்க பாட்டுக்கு மேஞ்சுட்டிருப்பாங்க. கொணமும் தங்கம். பாக்க நல்லாயில்லைன்னு ஒருத்தரும் வாங்கறதில்ல."

"சேவலுங்க?"

"உங்களுக்கு இன்னுமா சேவல் ஆசை? முட்டை போடறதுக்கு அவன் வேண்டியதில்லீங்க. குஞ்சு பொரிக்கத்தான் வேணும்."

"மூணு எதுக்குங்க? ஒண்ணு போதாதா?"

"ஒத்தக் கோழி நாளெல்லாம் கத்தும். ரெண்டுன்னா, ஒண்ணு போனா இன்னொண்ணு ஒத்தையாயிரும். மூணுதானுங்க குடும்பம். நீங்களும் மூணு பேருதான?"

அன்று சாயங்காலம் அவர் வீட்டில் எனக்காகத் தட்டு விழுந்தது. மூன்று வகையிலும் முதலில் திரும்பி வருகிற கோழியை எடுப்பதாகப் பேச்சு. சாம்பல் நிறச் சிறுவிடை சீக்கிரம் வந்தது. கிரிராஜா தீனிக்காக வந்தது. கழுத்தில் இறகில்லாத சிவப்புக் கோழி பக்கத்து வீடு வரை ஓடிப்போயிருந்தது. அதே வகையில் வேறொன்று அதற்கு முன்பே வந்துவிட்டது. ஆனால் அக்கா இந்தச் சிவப்பையே எடுத்தார்.

"இது லேட்டுங்களே?"

"ரொம்பத் தூரம் போயிட்டு வந்துருக்குதில்லீங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றையும் கூடையில் வைத்து, ஈரச் சாக்குப் போட்டு மூடிக் கொண்டு வந்தார். பாப்பா சமையலறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளேயிருந்து பார்த்தாள். புது இடத்தில் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று அக்கா தட்டைப் போட்டார். கோழிகள் மூலைக்கொன்றாகச் சிதறின. ஜன்னலில் இருந்த முகமும் காணாமல் போனது.

"பாப்பா, ஒண்ணுமில்ல சாமி, வா" என்று நான் குரல் கொடுத்தேன்.

"கூப்புடாதீங்க" என்றார் அக்கா. "அந்தப் பக்கம் பாக்கவும் வேண்டாம். திரும்பி வாறவிங்களப் பாத்தா கூச்சப்பட்டுட்டு நின்னுக்குவாங்க."

மூன்று கோழியும் வந்தன. ஜன்னலில் முகம் வரவில்லை. அக்கா மடியில் மிச்சமிருந்த கம்பைத் தட்டிவிட்டு எழுந்தார். "அடுத்த வாரம் வாரேனுங்க" என்று போய்விட்டார்.

அடுத்த வாரம் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து கோழிகளுக்கு உண்ணி பார்ப்பார், இறக்கையை விரித்துக் காட்டுவார், அவைகளோடு ஊர்க்கதை பேசுவார். ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பமாட்டார். மூன்றாவது வாரம் ஜன்னலில் முகம் திரும்ப வந்தது. ஆனால் குடை போகவில்லை. புரட்டாசி பிறந்தும் இருபது எட்டு தூரம் அப்படியே இருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒருநாள் பாப்பாவை உட்கார வைத்து முதலாளி சொல்கிற கதையைச் சொன்னேன். "அத்தையப் பாரு. வெரலே போயிருச்சு. மறுநாளே வேலைக்குப் போனாங்க. நீ ஒரு கோழிக்கு இப்படிப் பண்ணலாமா?" அவள் எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டாள்.

அந்த ஞாயிறு நான் சமையலறையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு உள்ளே பாப்பா. வெளியே அக்கா, மடியில் அந்தச் சிவப்புக் கோழி.

"அத்தை, வெரலு போன மறுநாளே மெஷினுக்குப் போயிட்டீங்களாமா?"

அக்கா கோழியின் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"யாருங்க அம்மணி சொன்னது?"

"அப்பா."

"உங்கப்பாவுக்கு யாரோ தப்பாச் சொல்லியிருக்காங்க. ஒரு வருசம் அந்த ரூம் பக்கமே நான் போகல கண்ணு. பேக்கிங்ல உக்காந்து அட்டைப்பொட்டி ஒட்டிட்டிருந்தேன். மெஷின் சத்தம் கேட்டாப் போதும், கைய முந்தானைக்குள்ள ஒளிச்சுக்குவேன்."

"கொட வெச்சுக்கலீங்களா?"

"ரூமுக்குள்ள கொட புடிச்சா சிரிப்பாங்கல்ல. அதுதான் முந்தானை."

பாப்பா சிரித்தாள். பிறகு கேட்டாள். "அப்புறம் எப்படித்தான் போனீங்க?"

"நான் எங்க போனேன்? ஒருநாள் பொட்டி எடுக்க அந்த வழியாப் போனேன். புதுசா வந்த ஒருத்தி கம்பியத் தப்பாச் சுத்திட்டிருந்தா. மேல மேல ஏறுது, கன்னாபின்னான்னு கெடக்குது. எனக்குப் பாக்கப் பொறுக்கல. எந்திரி நீன்னு சொல்லிட்டு உக்காந்து சுத்திக் குடுத்துட்டேன். முடிச்ச பொறகுதான் நெனப்பே வந்துச்சு, அடடா, எங்க வந்து உக்காந்திருக்கறோம்னு."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். எத்தனையோ பேர் முன்னால் முதலாளி அந்தக் கதையைச் சொன்னபோதெல்லாம் அக்கா வாயைத் திறந்ததில்லை. ஒரு ஏழு வயதுப் பிள்ளை கேட்டதும் உள்ளதைச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு மகளிடம் நான் யாரையும் காட்டி, அவரைப் பார் என்று சொன்னதில்லை.

சிவப்புக் கோழிக்குப் பாப்பா மப்ளர் என்றே பெயர் வைத்தாள். ஜன்னல் வழியாகச் சோறு போடுவாள். மப்ளர் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும். ஆனாலும் வாசற்படிக்கு வந்தால் குடை விரியும். ஐப்பசி வந்தது. தெருவில் பட்டாசுக் கடை போட்டார்கள். என் மனைவி ஒருநாள், "அடுத்த ஞாயித்துக்கிழமை தீபாவளிங்க" என்று மட்டும் சொன்னாள். எதற்குச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். பாப்பாவுக்கும் தெரியும். அன்று அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை.

அந்த வாரம் தெருவில் வெள்ளைக் கழிச்சல் வந்துவிட்டது. கோழிகளை வரிசையாகக் கொண்டுபோகிற நோய் அது. இரண்டு வீட்டில் கூடை காலி. நோய் வராத கோழிகளுக்கு உடனே கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டும். எத்தனை கெட்டியான ரகமாக இருந்தாலும் அதை விட்டுத்தான் ஆக வேண்டும் என்று அக்கா எப்போதும் சொல்வார். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு தானே வந்து மருந்து விடுவதாக இருந்தார். ஆனால் தீபாவளி ஆர்டருக்காக ஞாயிறும் வைண்டிங் வேலை வந்துவிட்டது. மருந்தைக் கலக்கி, ஃபிளாஸ்கில் ஐஸ் போட்டு, ஒர்க்‌ஷாப் கேட்டில் என் கையில் கொடுத்தார்.

"ரெண்டு மணி நேரத்துக்குள்ள உட்டுப்போடோணும். ஆளுக்கு ஒரு கண்ணுல ஒரு சொட்டு. நல்லாப் புடிச்சுக்கங்க."

நான் ஐம்பது கிலோ மோட்டாரைத் தனியாகத் தூக்குகிறவன். ஒன்றரைக் கிலோ கோழியை என்னால் பிடிக்க முடியவில்லை. மப்ளரைத் துரத்தி, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினேன். அது அடித்த அடியில் மருந்துப் புட்டி கையிலிருந்து நழுவப் பார்த்தது. கோழியைக் கக்கத்தில் இடுக்கினேன். இறக்கை ஒரு பக்கம் மடங்கிக்கொண்டு கத்தியது. மற்ற இரண்டும் சேர்ந்து கத்தின. என் மனைவி கோழியைத் தொடமாட்டாள்.

"அப்பா, அப்படிப் புடிக்காதீங்க!" ஜன்னலில் இருந்து பாப்பா கத்தினாள். "ரெக்க வலிக்கும்!"

"இரு சாமி, இப்ப முடிஞ்சுரும்."

"முடியாதுங்கப்பா! ரெண்டு ரெக்கையும் சேத்துப் புடிக்கோணும்! நெஞ்சுக்குக் கீழ கை குடுங்க! ஐயோ, அந்தக் கை இல்லீங்கப்பா!"

நான் கையை மாற்றினேன். மப்ளர் இன்னும் பெரிதாகக் கத்தியது. ஜன்னலில் சத்தம் நின்றது. படியில் தடதடவென்று காலடி கேட்டது.

என் பக்கம்தான் வருகிறாள் என்று தெரிந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கோழியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பின்னாலிருந்து இரண்டு சின்னக் கை வந்தது. இறக்கை இரண்டையும் சேர்த்தது. ஒரு கை நெஞ்சுக்கு அடியில் போனது. மப்ளர் அடங்கியது. "ஒண்ணுமில்லீங்க, ஒரு சொட்டுதானுங்க" என்று அதனிடம் சொன்னாள். எனக்கு, "உடுங்கப்பா" என்று உத்தரவு வந்தது. விட்டேன். மூன்று கோழியையும் அவள்தான் பிடித்தாள்; மருந்தை நான் விட்டேன். என் மனைவி கரண்டியோடு வாசலுக்கு வந்து வாயைத் திறந்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவள் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

எல்லாம் முடிந்ததும் பாப்பா குழாயில் கை கழுவினாள். கக்கூஸுக்குப் போனாள். திரும்பி வந்தாள். படியருகே குடை விரித்தபடி கிடந்தது. "இத ஏன் யாருமே மடிச்சு வெக்கல?" என்று கேட்டு, மடித்து உள்ளே எடுத்துப் போனாள்.

திங்கட்கிழமை காலையில் நேராக வைண்டிங் மெஷினுக்குப் போனேன். அக்கா பாதிச் சுருளில் இருந்தார். நிறுத்தமாட்டார் என்று தெரியும். காதில் விழுந்தால் போதும் என்று பக்கத்தில் நின்று சொன்னேன்.

"பாப்பா வந்துட்டாளுங்க அக்கா. கொட இல்லாம. கோழியப் புடிச்சதே அவதான்."

மெஷின் நின்றது.

அக்காவுக்கு எண்ணிக்கை தப்பிவிட்டது. சுருளில் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. அதைக் கழற்றி, கம்பியைப் பிரிக்க ஆரம்பித்தார்.

"மருந்து மூணு பேருக்கும் கண்ணுலதான போச்சுங்க?" என்று கேட்டார்.

"போச்சுங்க அக்கா."

"செரி" என்று சொல்லிவிட்டு, முதலில் இருந்து எண்ணத் தொடங்கினார்.